கீழ்ச்சுருதிக்கு ஒரு சாட்சி

பித்தளைத் தகட்டில் என் தங்கையின் பெயருக்கு முன்னால் ‘உதவி’ என்ற சொல் வரப்போகிறது என்று, என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து என் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டே ஒருவன் சொன்னான். அவனை அப்போதே எழுந்து போகச் சொல்லியிருப்பேன். ஆயர் கூட வந்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சொன்னவன் ஃபிரெடி. செகந்திராபாத்தில் எங்கள் சபையின் இப்போதைய ஆர்கனிஸ்ட், கமிட்டியிலும் இருக்கிறான். அவன் தகப்பனார் பர்னபாஸ் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே பல வருஷம் எங்கள் கோயிலின் பைப் ஆர்கனை வாசித்தவர். அவர் விஜயவாடாவுக்கு மாற்றலாகிப் போயிருந்த வருஷங்களில் ஒரு ஞாயிறு தவறாமல் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவள் என் தங்கை பேபி. சபையின் ஆண்டுவிழாவுக்கு, இதுவரை வாசித்த ஆர்கனிஸ்டுகளின் பெயர்களைத் தகட்டில் வெட்டி ஆர்கன் பக்கத்தில் பதிக்கப் போகிறார்கள். அந்த வருஷங்களுக்கும் பர்னபாஸ் பெயரையே போட்டு, கீழே ‘உதவி ஆர்கனிஸ்ட் பேபி’ என்று எழுத ஏற்பாடு.

ஆர்கன் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அதில் கைகளுக்கு மட்டும் வேலை இல்லை. காலடியில் நீண்ட மரக்கட்டைகள் வரிசையாக இருக்கும். இரண்டு பாதங்களாலும் அவற்றை மிதித்து வாசித்தால் மிகப் பெரிய குழாய்களிலிருந்து மிகக் கீழான சுருதி எழும். அதற்குப் பெடல் என்று பெயர். பெடல் வாசிக்காதவரை முழு ஆர்கனிஸ்ட் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. பேபி பெடல் வாசித்ததில்லை, வெறும் கையால் ஒப்பேற்றினாள் என்பது ஃபிரெடியின் கட்சி.

அதைப் பொய்யாக்கத்தான் ஃபிரெடியையும் ஆயரையும் திருமுல்கேரியில் உள்ள என் வீட்டுக்கு அழைத்திருந்தேன். அந்தக் காலத்தில் ஆர்கனைப் பழுதுபார்க்க வந்த ஒரு ஜெர்மன்காரர், தன் சொந்தக் கருவியில் ஓர் ஈஸ்டர் ஆராதனையைப் பிரசங்கம் உட்பட முழுதாகப் பதிவு செய்திருந்தார். ஆராதனை முடிந்து சபை கலையும்போது பேபி வாசித்த தனி வாசிப்பும் அதில் இருக்கிறது. அதன் குறுந்தட்டு என்னிடம் உண்டு. ஓய்வு பெற்றதும் நான் தருவித்த ஆங்கிலேய ஸ்பீக்கர்களைப் பற்றி இந்தக் காலனியில் அறியாதவர் இல்லை. “இதில் கேட்காத எதுவும் பதிவிலேயே இல்லை என்று அர்த்தம்” என்று ஆயரிடம் சொல்லிவிட்டுத்தான் ஓடவிட்டேன்.

ஃபிரெடி கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டான். பிறகு கண்ணைத் திறந்து, “பெடல் எங்க அங்கிள்?” என்றான்.

“என்னது?”

“கைவேலை ஃபஸ்ட் கிளாஸ். கீழ ஒண்ணுமே இல்லையே. நீங்களே சொன்னீங்க, இதுல கேக்கலன்னா ரெக்கார்டிங்லயே இல்லன்னு.” ஆயரைப் பார்த்துச் சிரித்தான். “அங்கிளோட ஸ்பீக்கரே சொல்லிடுச்சு. அப்புறம் எதுக்கு ஆர்க்யூமென்ட்?”

சமையலறை வாசலில் துண்டால் கையைத் துடைத்தபடி பேபி நின்றிருந்தாள். மணமாகாதவள், எப்போதும் எங்களோடுதான் இருக்கிறாள். இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டன. மாடிப்படியில் ஏறி ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்து வாசித்துக் காட்டு என்று கேட்கக்கூட வழியில்லை.

“நான் மிதிச்சுத்தான் வாசிச்சேன், ஃபிரெடி” என்றாள்.

“ரொம்ப வருஷம் ஆச்சுல்ல ஆன்ட்டி. ஞாபகம் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும்.” இப்படிச் சொல்லிவிட்டு அவன் இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டான். “வெள்ளிக்கிழமை தகடு வெட்டறவன்கிட்ட கொடுக்கணும் அங்கிள். அதுக்குள்ள வேற எதாவது ப்ரூஃப் இருந்தா சொல்லுங்க.”

எங்கள் குடும்பத்தில் செய்யாததைச் செய்தேன் என்று சொன்னவர் கிடையாது. பேபி தன் வாயால் சொன்ன பிறகும் ‘ப்ரூஃப்’ கேட்கிறான். அவளைப் பொய்க்காரி ஆக்க அவனுக்கு உதவியது என் சொந்த ஸ்பீக்கர்! அவர்கள் போன பின் அந்த இரண்டையும் தெருவில் தூக்கிப் போடலாமா என்றிருந்தது.

என் மகள் பெர்சிஸ் ஹப்சிகுடாவில் வேலை முடிந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனைத் தடவிப் பார்த்தாள்.

“ப்பா, உங்க ஸ்பீக்கர் ஐம்பதுக்குக் கீழ இறங்கவே இறங்காது.”

“எது ஐம்பது?”

“ஒரு செகண்டுக்கு ஐம்பது அதிர்வு. ஆர்கனோட பெரிய பெடல் முப்பத்திரண்டு வரைக்கும் போகுதாம். இந்த ஸ்பீக்கருக்கு அது எட்டாது. அத்தை மிதிச்சிருந்தாலும் நமக்குக் கேட்டிருக்காது.”

“இவ்வளவு பேரெடுத்த ஸ்பீக்கருக்கு அது எட்டாதா?”

“சின்ன ஸ்பீக்கர்ப்பா. அழகா வாசிக்கும், ஆழமா வாசிக்காது. சப்வூஃபர் வேணும். கீழ்ச்சுருதிக்குன்னே தனியா ஒரு பெட்டி.”

சப்வூஃபர் என்பது கல்யாண ஊர்வலத்தில் லாரியில் கட்டிக்கொண்டு போகிற சாமான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மறுநாள் காலையிலேயே பெர்சிஸைக் கூட்டிக்கொண்டு பஞ்சாரா ஹில்ஸில் ஒரு ஷோரூமுக்குப் போனேன்.

அங்கே மாதவ் என்று ஒருவன். இறுக்கமான சட்டை, வாய் மூடாத பேச்சு. தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்தடித்தான். பேபியின் குறுந்தட்டை நீட்டினேன். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஏதோ சினிமாவின் குண்டு வெடிப்பைப் போட்டான். கண்ணாடிக் கதவு நடுங்கியது. என் வேட்டி காலில் படபடத்தது.

“எப்டி சார்? சூடண்டி, பாருங்க, நெஞ்சுல அடிக்குதா?”

“நெஞ்சில் அடிப்பதற்கு நான் என்ன குற்றம் செய்தேன்?”

“பேஸ்ன்னா இப்டி இருக்கணும் சார். பக்கத்து வீட்டுக்காரன் எந்திரிச்சு வரணும்.”

“எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன் வேண்டாம். என் தங்கையின் கால் வேண்டும்.”

அவன் பெர்சிஸைப் பார்த்தான். அவள் விளக்கிச் சொன்னாள். “ஹவ் ஹவ், ஆமா சார், புரிஞ்சுது” என்று சொல்லிவிட்டு, முன்பக்கம் பெரிய ஓட்டையும் நீல விளக்குமாக, எருமைக்கன்று அளவுக்கு ஒரு பெட்டியைக் காட்டினான். வீட்டில் வைத்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்றான். அன்று சாயங்காலமே அனுப்பி வைத்தான்.

அந்தப் பெட்டி என் ஹாலில் செய்த அட்டூழியத்தை என்னவென்று எழுத? குறுந்தட்டை ஓடவிட்டதும் கீழே ஏதோ எழுந்தது, உண்மைதான். பேபியின் பெடலாகவே இருக்கும் என்று நானும் நாற்காலி நுனிக்கு வந்தேன். ஆனால் ஒரு சுருதி முடிந்து அடுத்தது வந்த பிறகும் முதல் சுருதி ஓட்டைக்குள்ளிருந்து உறுமிக்கொண்டே இருந்தது. சந்தேகம் வந்து, அதே தட்டில் இருக்கும் பிரசங்கத்தைப் போட்டேன். அன்று பிரசங்கித்த ஆயருக்கு மெலிந்த குரல். அவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லுக்கும் பெட்டி ‘ம்ம், ம்ம்’ என்று கூடவே முனகியது. பிரசங்கத்தில் பெடல் உண்டா? இல்லாத இடத்தில் இருப்பதாகச் சொல்கிற பெட்டி இது. இதை வைத்துக்கொண்டு ஃபிரெடி முன்னால் உட்கார்ந்தால், பெட்டியே தயாரித்த சத்தம் என்று சொல்லிவிட்டுப் போவான். அவன் சொல்வது சரியாகவும் இருக்கும்.

மாதவைப் போனில் கூப்பிட்டேன். “பொய் சொல்கிற பெட்டியை எனக்குத் தந்திருக்கிறாய்.”

“சார், எல்லாருக்கும் அதான் பிடிக்குது.”

“எல்லாரும் என் வீட்டிலா இருக்கிறார்கள்? என் ஸ்பீக்கர் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறதோ அந்த இடத்தில் தொடங்குகிற பெட்டி வேண்டும். பதிவில் கீழ்ச்சுருதி இல்லாதபோது அது வாயைத் திறக்கக் கூடாது. அப்படி ஒன்று இருந்தால் கொண்டு வா. இல்லாவிட்டால் இதை மட்டும் எடுத்துக்கொண்டு போ.”

முணுமுணுத்துக்கொண்டே அவன் மறுநாள் இன்னொன்றைக் கொண்டுவந்தான். ஓட்டை எதுவும் இல்லாத, நாலாபுறமும் மூடிய கறுப்புப் பெட்டி. முன்னதில் பாதிதான் இருக்கும்; தூக்கினால் அதைவிடக் கனம். “இது யாரும் கேக்க மாட்டாங்க சார். சத்தம் கம்மி. ஓட்டை இல்ல, அதனால அடிச்ச உடனே நின்னுடும்” என்றான், ஏதோ அதன் குறையைச் சொல்வதுபோல. பின்புறம் மூன்று திருகுகள். எந்தச் சுருதிக்குக் கீழே அது தொடங்க வேண்டும் என்பதற்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று, ஸ்பீக்கரும் பெட்டியும் ஒரே நேரத்தில் மூச்சுவிடுவதற்கு ஒன்று. பெர்சிஸ் திருக, நான் பிரசங்கத்தைக் கேட்டேன். கொஞ்சம் முனகியது. இறக்கச் சொன்னேன். மறுபடி முனகியது. மறுபடி இறக்கினாள். கடைசியில் ஆயர் தன் மெலிந்த குரலிலேயே உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். பெட்டி வாயை மூடிக்கொண்டிருந்தது. அதன்மேல் கையை வைத்துப் பார்த்தேன். ஓர் அசைவும் இல்லை. முதல் முறையாக எனக்கு அதன்மேல் மரியாதை வந்தது.

“இப்ப அத்தை வாசிச்சதைப் போடவா?” என்றாள் பெர்சிஸ்.

“வேண்டாம். ஃபிரெடி வரட்டும். அவன் கேட்கும்போதுதான் நானும் கேட்பேன்.”

“ப்பா, முதல்ல நாம கேட்டுப் பாத்துடலாம். ஒருவேளை இல்லன்னா? அவர் முன்னாடி ரொம்ப அசிங்கமாயிடும்.”

“உன் அத்தை மிதித்தேன் என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் நான் எதைக் கேட்டுப் பார்க்க?”

பேபி உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “அண்ணே, எதுக்கு இந்தப் பாடு படுதிய?” என்றாள். “உதவின்னு போட்டா போட்டுட்டுப் போறான். பித்தளைதானே, நாலு வருஷம் போனா கறுத்து எழுத்தே தெரியாது.”

“நீ சும்மா இரு. இது உன் பேரு மட்டும் இல்ல. நம்ம அப்பா பேரும் அதுல இருக்கு.”

இன்னும் ஒரு வேலை மிச்சமிருந்தது. பெட்டியை எங்கே வைப்பது? கீழ்ச்சுருதி அறையில் ஓரிடத்தில் வீங்குமாம், இன்னோரிடத்தில் காணாமலே போகுமாம். அதற்கு ஒரு வழியைப் பெர்சிஸ் போனில் படித்தாள். பெட்டியைத் தூக்கி நாம் உட்காரும் நாற்காலியில் வைக்க வேண்டும். டபுள் பேஸ் வாத்தியம் படிப்படியாக ஏறி இறங்கும் பதிவு ஒன்றை ஓடவிட வேண்டும். பிறகு நாம் அறை முழுவதும் தவழ்ந்து போக வேண்டும். எல்லாச் சுருதியும் ஒரே சீராகக் கேட்கும் இடம் எதுவோ, பெட்டிக்கு அதுதான் இடம்.

“தவழவா?”

“காது தரையோட இருக்கணுமாம். நான் தவழறேன், நீங்க உக்காருங்க.”

“கேட்கப்போவது யார் காது?”

அதிகாரிகள் முன்னால்கூட வளைந்து நில்லாத முதுகு இது. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, கையை ஊன்றித் தவழ்ந்தேன். வடக்கு மூலையில் வாத்தியம் பீப்பாய்போல வீங்கியது. ஜன்னலுக்குக் கீழே கடைசி இரண்டு சுருதிகள் இருந்த இடம் தெரியவில்லை. சோபாவுக்குப் பின்னால் தூசிதான் இருந்தது. புத்தக அலமாரிக்கும் சாப்பாட்டு அறை வாசலுக்கும் நடுவில் தலையைச் சுவரோடு வைத்தபோது, ஒவ்வொரு சுருதியும் படி ஏறுவதுபோலச் சமமாக வந்தது. இங்கேதான் என்று சொல்ல வாயெடுத்தேன். கதவு திறந்தது.

“அங்கிள், எதாவது தொலைஞ்சுபோச்சா?”

கையில் தகட்டு மாதிரியோடு ஃபிரெடி நின்றான். சாயங்காலம் வா என்று நான்தான் சொல்லியிருந்தேன்; அவன் முன்னதாகவே வந்துவிட்டான். நாற்காலியில் ஒரு பெட்டி ராஜாபோல வீற்றிருக்க, நான் அதன் முன்னால் நாலு காலில் கிடப்பதைக் கண்டு அவன் உதடு கோணியது. பெர்சிஸ் கைகொடுக்க வந்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நானாகவே எழுந்தேன்.

“தொலைஞ்சது உன் பக்கம்தான் இருக்கு. உக்காரு” என்றேன்.

பெட்டியை அலமாரிக்கும் வாசலுக்கும் நடுவில் இறக்கினோம். முதலில் பிரசங்கம். அவனை எழுப்பி, பெட்டியின்மேல் கைவைத்துப் பார்க்கச் சொன்னேன். “அசையுதா?”

“இல்லையே.”

“பிரசங்கத்துக்கு அது பேசாது. நல்லா நினைவு வச்சுக்க. இப்ப பேபி வாசிக்கதைக் கேளு.”

பெர்சிஸ் ரிமோட்டை அழுத்தினாள். பேபி சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை.

கைகளின் வாசிப்பு எப்போதும்போலத் தொடங்கியது. கீழே எதுவும் இல்லை. மேலும் கொஞ்சம் போயிற்று. அப்போதும் இல்லை. ஃபிரெடி காலை ஆட்டிக்கொண்டிருந்தான். பெர்சிஸ் சொன்னபடி முன்பே கேட்டிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது, எழுதுவதற்கென்ன. பிறகு வந்தது. சத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. தரை மூச்சு இழுத்ததுபோல இருந்தது. கைகளுக்குக் கீழே ஒரு பெரிய நிதானமான நடை எழுந்து, இறங்கி, திரும்பி, ஏறி, ஒவ்வொரு அடியும் தொடங்கிய இடத்தில் தொடங்கி முடிய வேண்டிய இடத்தில் முடிந்தது. கோயிலுக்குள் நிற்பதுபோல ஹால் அகலமாயிற்று. ஃபிரெடியின் கால் நின்றுவிட்டது. அவனும் ஆர்கனிஸ்ட்தான்; கேட்டதை அவனால் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.

வாசிப்பு முடிந்தது.

“சத்தமா ஊதுத குழாயத் திறக்கல” என்றபடி பேபி வந்தாள். “மெல்லிசா ஊதுததை மட்டும்தான் திறந்தேன். அதான் அன்னைக்கு ஸ்பீக்கர்ல கேக்கல.”

ஃபிரெடி தொண்டையைச் செருமினான். “பெடல் இருக்கு அங்கிள். ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு காலும் அவ்வளவு அகலமா போகுது. சேலை கட்டிக்கிட்டு எப்படி முடியும்? எனக்கென்னமோ, அப்பா லீவுல வந்திருப்பார். பக்கத்துல உக்காந்து அவர் மிதிச்சிருக்கணும்.”

எனக்குக் கண் இருண்டது. “எந்திரி. எந்திரில ஃபிரெடி. கல்யாணமாகாத பொம்பளப் பிள்ளை பக்கத்துல, ஒரே பெஞ்சுல, சபை பூரா பாக்க உங்கப்பா உக்காந்திருந்தார்னு என் வீட்டுலயே வந்து சொல்லுதியா? வெளிய போ!”

“இருங்கண்ணே” என்றாள் பேபி. “இரி ஃபிரெடி. உங்கப்பா அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தா எங்க அண்ணன் அன்னைக்கே அவர் காலை ஒடிச்சிருப்பாக. அப்புறம் அவர் எங்கே பெடல் மிதிக்க? சேலைக்கு உள்ள நான் பேண்ட்டு போட்டிருந்தேன். சேலையை முட்டிக்கு மேல தூக்கிச் செருகிக்கிடுவேன். முன்னால மரத்தட்டி மறைச்சிரும். யாருக்குத் தெரியும்?”

நான் அவள் பக்கம் திரும்பினேன். “யார் பேண்ட்டு?”

“வேற யாரு பேண்ட்டு நம்ம வீட்டுல இருந்துச்சு? உங்க என்.சி.சி. காக்கிதான். இடுப்புல நாடா கட்டிக்கிட்டேன்.”

பெர்சிஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். ஃபிரெடி மறைக்கக்கூட முயலாமல் சிரித்தான். ஈஸ்டர் ஆராதனையில், பலிபீடத்துக்கு நேர் எதிரே, என் காக்கிப் பேண்ட்! என் காது மடலெல்லாம் சுட்டது.

“சரி, நக்கோ அங்கிள், வேணாம், விடுங்க” என்றான் ஃபிரெடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஆன்ட்டி பேரை ஆர்கனிஸ்ட்டுன்னே போட்டுடலாம். நான் சொல்றேன். ஆனா சேலையில எப்படின்னு கமிட்டியில கேப்பாங்க. இந்தப் பேண்ட் மேட்டர் வெளிய வேணாம். உங்க ஃபேமிலி பேருன்னு ஒண்ணு இருக்கு. நான் எதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்.”

பெடல் இல்லை என்று அவன் சொன்னபோது வந்ததைவிட இப்போதுதான் எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது. என் குடும்பத்தின் பெயருக்கு இவன் துணி போர்த்தப் பார்க்கிறான்! நாளைக்குத் தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், உன் வீட்டு விஷயம் என் வாயில் இருக்கிறது என்று பல்லைக் காட்டுவான்.

“என் குடும்பப் பேரை நீ காப்பாத்த வேண்டாம்” என்றேன். “கமிட்டியில கேட்டா, காக்கிப் பேண்ட்டு போட்டு மிதிச்சான்னு சொல்லு. யார் பேண்ட்டுன்னு கேட்டா, அவ அண்ணன் கிதியோன் பேண்ட்டுன்னு சொல்லு. கூசாம சொல்லு. அவ மிதிச்சது நிசம், போட்டதும் நிசம். இதுல மறைக்க என்னல இருக்கு?”

“அண்ணே!” என்றாள் பேபி.

“நீ பேசாத. அந்த நாடாவை யாரைக் கேட்டுக் கட்டினேன்னு உங்கிட்ட அப்புறம் கேக்கேன்.” ஃபிரெடி பக்கம் திரும்பினேன். “போனை எடு. ஆயரைக் கூப்பிடு. இங்கயே, என் முன்னாலயே பேசு.”

அவன் தயங்கினான். நான் நகராமல் நின்றேன். எண்ணை அழுத்தினான்.

“ஐயா, ஃபிரெடி பேசறேன்… ஆமா, தகடு விஷயம். பர்னபாஸ் பேருக்குக் கீழ வேணாம். தனியா, அந்த வருஷம் போட்டு, ‘ஆர்கனிஸ்ட் பேபி’ன்னு… இல்ல, உதவி இல்ல… இருக்கு ஐயா. நான் கேட்டேன். பெடல் இருக்கு… எப்படின்னா, அது வந்து…” என்னைப் பார்த்தான். நான் பார்வையை எடுக்கவில்லை. “சேலைக்குள்ள பேண்ட்டு போட்டிருந்தாங்களாம் ஐயா. ஆமா. பேண்ட்டு. கிதியோன் அங்கிளோடது.”

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, ஃபிரெடி, “நிஜமா ஐயா, நல்லாக் கேக்குது” என்றான்.

நான் ரிமோட்டை எடுத்துப் பேபியின் வாசிப்பை மறுபடி தொடக்கத்திலிருந்து ஓடவிட்டேன். ஃபிரெடியின் கையைப் பிடித்துப் போனைப் பெட்டிப் பக்கம் திருப்பினேன்.

“ப்பா, போன்ல அதெல்லாம் கேக்காது” என்றாள் பெர்சிஸ்.

“கேட்காவிட்டால் வரட்டும்” என்றேன். “கமிட்டி முழுவதும் வரட்டும்.”